ஆவுடைத்தாய்க்குப் போட்ட வாய்க்கரிசி

சத்தியமாகச் சொல்கிறேன், உரக்கவே சொல்கிறேன், அடுத்த தெருவுக்குக் கேட்டாலும் கேட்கட்டும்: இதில் ஒரு சொல் பொய்யென்றால் நான் அடுத்து உண்ணப்போகும் சோறு தொண்டையிலேயே நிற்கட்டும், தோளில் கிடக்கும் துண்டு தானாகத் தீப்பிடிக்கட்டும், சுடலைமாடன் என் வாசலில் வந்து நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும். மழை பெய்கிறது என்று நான் சொன்னால்கூட நீங்கள் வெளியே கையை நீட்டிப் பார்க்கிற ஆள் என்று எனக்குத் தெரியும். பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளக்கல்லூத்தில் ஆவுடைத்தாய் செத்த பிறகும் முப்பது நாள் ஊருக்கே சோறாக்கிப் போட்டாள் என்பது, நீங்கள் இப்போது உதட்டைச் சுழிப்பது எவ்வளவு நிஜமோ அவ்வளவு நிஜம்.

வெள்ளக்கல்லூத்து என்பது நாற்பத்தொரு வீடு. நாற்பத்தொன்றும் பங்காளி வீடு. ஒரே கொடி, ஒரே குலசாமி, ஒரே தீட்டு. ஒரு வீட்டில் மூச்சு நின்றால் நாற்பத்தொரு அடுப்பிலும் தண்ணீர் தெளித்துவிடுவார்கள். பிணம் ஊருக்குள் கிடக்கிற வரைக்கும் எந்த வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது, எரிந்தால் அந்தத் தீ இன்னொரு உயிரைக் கேட்கும் என்பது அந்த ஊர்ச் சட்டம். அதனால் பிணம் எடுக்கும் நாளில், பக்கத்து ஊரான மேலூத்திலிருந்து பெண் கொடுத்த பெண் எடுத்த வீட்டார் டிராக்டரில் அண்டாவை ஏற்றிச் சோறு கொண்டுவருவார்கள். இவர்கள் பிணத்தை எடுத்து எரித்துவிட்டுக் குளித்து வந்து அதைச் சாப்பிடுவார்கள். காலங்காலமாக அப்படித்தான் நடந்தது, ஆவுடைத்தாய் சாகிற வரைக்கும்.

அவள் செத்தது மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அரிசியைக் களைந்து, உலையில் போடுவதற்காக இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு நின்றவள், அள்ளிய கையோடு அப்படியே சரிந்தாள். ஐம்பத்து மூன்று வயது. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தவளில்லை. அடுப்பில் உலை கொதித்துக் கொதித்து வற்றி, பானை தீய்கிற வாசனை வந்த பிறகுதான் அவள் புருஷன் சங்கிலிபூதத்தான் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏட்டி, என்ன தீயுது?" என்று சத்தம் போட்டார். அன்று அவளிடம் அவர் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

ஒரே மகள், பிரமசக்தி. இருபத்தேழு வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கழுத்துப்பட்டி தைக்கிற வேலை, விடுதியில் தங்கல், மெஸ்ஸில் சாப்பாடு. அம்மாவைப் போல அவளுக்கு அடுப்படி தெரியாது, தெரிந்துகொள்ள அம்மா விடவும் இல்லை. சின்ன வயதில் அடுப்புப் பக்கம் வந்தாலே, "நீ போயிப் படி, பொகை கண்ணுல அடிக்கும், நான் பாத்துக்கிடுதேன்" என்று விரட்டிவிடுவாள். அம்மா பார்த்துக்கொண்டதால் மகள் பன்னிரண்டு வரைக்கும் படித்தாள். தகவல் கேட்டு அவள் மூன்று பஸ் மாறி மறுநாள் காலை வந்து இறங்கியபோது, வாசலில் பச்சை மூங்கிலில் பாடை கட்டி முடித்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

காரியம் செய்கிறவர் வேலாண்டி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த உயிர் போனாலும் முறை சொல்லி நடத்தி வைக்கிறவர், நாற்பது வருடத்து அனுபவம். அவர் ஆவுடைத்தாயின் தாடையைக் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்து, சுளகில் பச்சரிசியை வைத்து, "வாய்க்கரிசி போடுதவங்கள்லாம் வரிசையா வாங்கம்மா. அள்ளுன கையைப் புறத்தால திருப்பிப் போடணும். போட்டுட்டுத் திரும்பிப் பாக்கப்படாது" என்றார். முதலில் சங்கிலிபூதத்தான் போட்டார். அடுத்துப் பிரமசக்தி போட்டாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியும் அவள் திரும்பிப் பார்த்தாள், ஏனென்றால் பின்னால் நறநறவென்று சத்தம் கேட்டது.

ஆவுடைத்தாய் மென்றுகொண்டிருந்தாள்.

கண் மூடித்தான் இருந்தது, மார்பு ஏறி இறங்கவில்லை, கை கால் விறைத்துக் கட்டையாகத்தான் கிடந்தன. தாடை மட்டும், திருகையைச் சுற்றுவது போல, அவசரமில்லாமல், இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போய்வந்தது. யாரும் அலறவில்லை. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு பார்த்தார்கள். வேலாண்டி குனிந்து பார்த்து, காதை வைத்துக் கேட்டு, நிமிர்ந்து சொன்னார்:

"மெல்லுதா. மெல்லட்டும். வாயில அரிசி அரைபடுத மட்டுக்கும் பாடையில ஏத்தப்படாது, அது முறையில்ல."

முறை என்று சொன்ன பிறகு யார் என்ன பேசுவது? காத்திருந்தார்கள். அடுத்தடுத்து வந்தவர்கள் அவரவர் பங்கு அரிசியைப் போட்டார்கள், அவளும் ஒவ்வொருவர் அரிசியையும் மென்றாள். அப்போது அடுப்படிக்குள் பானை மூடி தடதடவென்று ஆடுகிற சத்தம் கேட்டது. சங்கிலிபூதத்தானின் அண்ணன் பொண்டாட்டி கொம்பம்மாள்தான் போய்ப் பார்த்தாள், பிரமசக்திக்குப் பெரியம்மை, வாய்க்கு வேகம் ஜாஸ்தி. போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அடுப்புல பொட்டுத் தீ இல்ல. பானை நெறையச் சோறு கெடக்கு. ஆவி பறக்குது. பூ மாதிரி வெந்து நிக்கி" என்றாள். பிறகு, கொஞ்சம் யோசித்து, "மேலூத்து டிராக்டரு வந்துட்டா?" என்று கேட்டாள்.

வரவில்லை. வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. முந்தின நாள் காலையிலிருந்து ஊர் பட்டினி. பிள்ளைகள் அழுது அழுது அழுகையை மறந்து மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தன. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு பானை இருந்த பக்கம் பார்த்தார்கள், பிறகு ஆவுடைத்தாயைப் பார்த்தார்கள். கடைசியில் சங்கிலிபூதத்தான்தான், "அவ ஆக்குனதுதானே, சாப்பிட்டா என்ன?" என்றார். அதற்குள் கொம்பம்மாள் இலையை அறுக்க ஆள் அனுப்பிவிட்டாள்.

அன்று அந்த முற்றத்தில், பிணத்துக்கு நாலு முழம் தள்ளி, பந்தி விரித்தார்கள். அந்தச் சோற்றுக்குக் குழம்பு வேண்டியிருக்கவில்லை. உப்பு அளவாக இருந்தது, வெந்த அரிசிக்கே உரிய இனிப்பு இருந்தது, அதற்கெல்லாம் மேலே ஆவுடைத்தாயின் கை இருந்தது. பிரமசக்தி முதல் வாய் வைத்தபோது, விடுதி மெஸ்ஸின் ஆறு வருடச் சோறும் அவள் நாக்கிலிருந்து உதிர்ந்து விழுந்தது. அம்மா நாலு முழத்தில் கிடக்கிறாளே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். அதை அவள் பிறகு ஒருநாளும் யாரிடமும் மறைத்ததில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் அந்த ஊருக்கே உரிய கூத்து. பிணம் ஊருக்குள் கிடக்கிறது, அதனால் அடுப்பு மூட்டக் கூடாது. அடுப்பு மூட்டக் கூடாது, அதனால் சாப்பாட்டுக்கு ஆவுடைத்தாய் வேண்டும். அவள் ஆக்க வேண்டுமென்றால் வாயில் அரிசி போட வேண்டும். வாயில் அரிசி இருந்தால் பாடையில் ஏற்றக் கூடாது. ஏற்றாவிட்டால் பிணம் ஊருக்குள் கிடக்கும். செக்குமாடு போல இந்த வட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்கள், மாடு நிற்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு கைப்பிடி போட்டால் நாலு இலைக்குக் காணும். அது மூன்றாவது வருடமாக மழை தப்பிய வருடம்.

நாலாம் நாள் முறை வைத்தார்கள், இன்று கிழக்கு வரிசை வீடுகள் அரிசி போடுவது, நாளை மேற்கு வரிசை என்று. எட்டாம் நாள் ஆவுடைத்தாயின் காதில் குனிந்து சொல்ல ஆரம்பித்தார்கள். "யக்கா, இன்னிக்குக் கொஞ்சம் கொழைய வேகட்டும், எங்க மாமனாருக்குப் பல்லு கூசுது" என்று ஒருத்தி சொன்னால், மேற்கு ஓரமாக அகப்பை போட்டால் குழைந்த சோறு வரும். "ஏட்டி ஆவுடை, வெறைப்பா வேணும், புளியோதரைக்கு" என்று கொம்பம்மாள் சொன்னால் உதிரி உதிரியாக வரும். செத்தவள் ஒருத்தர் பேச்சையும் தட்டவில்லை. உடம்பு நாறவில்லை, அவளைச் சுற்றி எந்நேரமும் கஞ்சி கொதிக்கிற வாசனைதான். சுவரில் சாய்த்துவைத்த பாடையில் கோழிகள் ஏறி அடைந்தன, பிறகு பீர்க்கங்கொடி ஏறிற்று, பூத்தது.

இறப்பை எழுதிக்கொள்ள வந்த கிராம அதிகாரி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "மென்னுக்கிட்டு இருக்கவளை இறந்துட்டான்னு நான் எப்படிய்யா எழுத?" என்றார். பிறகு கை கழுவிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார். ரேஷன் அட்டையில் அவள் பெயர் அப்படியே நின்றது. அந்தப் பெயருக்குரிய அரிசியும் வந்தது, வந்ததை அவள் வாயிலேயே போட்டார்கள். திருப்பூர் கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் போன் போட்டு, "உங்கம்மா செத்தாங்களா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா, லீவு எதுன்னு போட?" என்று கேட்டார். பிரமசக்தி, "தெரியலைங்க சார், சமைச்சுக்கிட்டு இருக்காங்க" என்றாள்.

இத்தனை நாளில் ஒரு கண் நனையவில்லை. வேலை செய்துகொண்டிருப்பவளை வைத்துக்கொண்டு எப்படி அழுவது? ஒப்பாரி வைக்க வந்த மேலூத்துப் பெண்கள்கூட, வாயைத் திறந்துவிட்டு, அவள் மெல்லுவதைப் பார்த்து, "ஜோலியா இருக்கா போல" என்று இறங்கிப் போய்விட்டார்கள்.

பதினோராம் நாள் மத்தியானம், சங்கிலிபூதத்தான் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து, மூன்றாம் கவளத்தில் முகத்தைச் சுளித்தார். முப்பது வருடமாகச் சுளித்த அதே சுளிப்பு.

"கல்லு. எத்தனை தடவை சொல்லுதது, அரிசியைப் பொறுக்கிப் போடு பொறுக்கிப் போடுன்னு? கண்ணு தெரியாத கழுதை" என்று பிணத்தின் பக்கம் பார்த்துக் கத்திவிட்டு, வாயிலிருந்து எடுத்து இலைக்கு வெளியே வீசினார். அது பிரமசக்தியின் காலடியில் உருண்டு வந்து நின்றது. எடுத்துப் பார்த்தாள். கல் இல்லை. கடைவாய்ப் பல்.

அவள் எழுந்து போய் அம்மாவின் உதட்டை விலக்கிப் பார்த்தாள். பல்லெல்லாம் தேய்ந்து பாதியாகி இருந்தது. ஒரு இடம் புதிதாகக் காலி. விலக்கிய உதட்டைச் சேர்த்து வைத்தாள். திரும்பி வந்து பல்லை உள்ளங்கையில் வைத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"எப்பா. இது கல்லில்ல. யம்மா பல்லு."

சங்கிலிபூதத்தான் பல்லைப் பார்த்தார். பந்தி முழுவதும் கை நின்றது. பிறகு அவர், "மோரு யாரு ஊத்துதா?" என்று கேட்டார், மோர் வந்தது, கைகள் மறுபடி இலைக்கு இறங்கின. மறுநாளிலிருந்து இரண்டு பெண்களை அடுப்படியில் உட்கார வைத்தார்கள், சோற்றில் பல் பொறுக்குவதற்கு. அரிசியில் கல் பொறுக்குகிற அதே லாவகத்தோடு பொறுக்கினார்கள். நாளுக்கு ஒன்று வந்தது. கிழக்கு வரிசைக்காரர் ஒருவர் மிச்சப் பல்லை விரல் விட்டு எண்ணிப் பார்த்து, இன்னும் இருபது நாள் ஓடும் என்றார். "பல்லு போனா என்ன, பொக்கை வாயால மெல்லுதா. எங்க அப்பன் கடைசி பத்து வருசம் அப்படித்தான் முறுக்கே தின்னாரு" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பிரமசக்தி அன்றிலிருந்து அந்தச் சோற்றைத் தொடவில்லை. பந்திக்குப் பந்தி ஒரு வாழைப்பழமும் தண்ணீரும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அம்மா வாயில் ஒரு பல்லாவது மிச்சமிருக்கும்போது அவளைக் கொண்டுபோய்த் தீயில் வைத்துவிட வேண்டும்.

முதலில் வேலாண்டியைத் தேடிப் போனாள். "மாமா, எப்படியாவது எடுத்துருங்க" என்றாள். அவர் தலையைச் சொறிந்தார். "வாய் ஓயணும் தாயி. ஒரு பொழுது வாய் சும்மா கெடந்துட்டா நான் எடுத்துருதேன். ஊரு என்ன சொன்னாலும் சரி."

ஒரு பொழுது தானே என்று பிரமசக்தி விடியற்காலையில் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். அரிசியோடு வந்தவர்களை எல்லாம் விரட்டினாள். கெஞ்சினார்கள், திட்டினார்கள், "பெத்த தாயைப் பட்டினி போடுதா பாரு" என்றார்கள். அவள் அசையவில்லை. ஆனால் வாயில் இருந்த அரிசி தீர்ந்த பிறகும் ஆவுடைத்தாயின் தாடை நிற்கவில்லை. ஒன்றுமில்லாத வாயை மென்றாள். பல்லின் மேல் பல் உரசி, சுண்ணாம்புக் கல்லை அரைப்பது போல ஒரு சத்தம் எழும்பி, முற்றத்தைத் தாண்டித் தெரு முழுவதும் கேட்டது. நாய்கள் வாலை இடுக்கிக்கொண்டு ஓடின. கொஞ்ச நேரம் பொறுத்தாள். காதைப் பொத்திக்கொண்டு பொறுத்தாள். பிறகு அவளே சுளகிலிருந்து ஒரு பிடி அள்ளி அம்மாவின் வாயில் போட்டாள், சத்தம் அடங்கியது. அடுப்படியில் பானை மூடி ஆடியது. ஊர் மகிழ்ச்சியோடு இலை விரித்தது.

அடுத்துப் பெரியம்மையிடம் போனாள். கொம்பம்மாள் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கிடந்தாள், மத்தியானத்தில்.

"பெரியம்மை, நீங்களாவது சொல்லுங்க. பொம்பளைங்க சொன்னா கேப்பாங்க."

கொம்பம்மாள் எழுந்துகூட உட்காரவில்லை. "ஏட்டி பிரமு, நான் பதினாறு வயசுல இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தேன். இந்த நாப்பத்தஞ்சு வருசத்துல மத்தியானம் தலையைச் சாச்சு ஒரு தூக்கம் போட்டதுன்னா இந்த மாசந்தான். பாரு, கை ரேகை தெரியுது எனக்கு. கரியெல்லாம் போயிட்டு. உங்கம்மா எனக்குப் பண்ணுத புண்ணியம்டி இது. கெடுத்துராத."

"அவங்க தூங்க வேண்டாமா?"

கொம்பம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டே, "வேணும்" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இருபத்தொன்பதாம் நாள் அம்மாவின் வாயில் மூன்று பல் இருந்தது. அன்று பிரமசக்தி அப்பாவின் எதிரில் போய் உட்கார்ந்து, அதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"எப்பா, யம்மாவுக்கு என்ன புடிக்கும்? திங்கதுக்கு?"

சங்கிலிபூதத்தான் இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தார். "கத்திரிக்காப் புளிக்கொழம்பு" என்றார் உடனே.

"அது உங்களுக்குப் புடிக்கும்."

"அவிச்ச பனங்கெழங்கு."

"அது எனக்கு."

அவர் முகட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். முப்பது வருடத்தில் அவள் சாப்பிட்டு அவர் பார்த்த ஒரு நாளைத் தேடித் தேடிப் பார்த்தார் போலிருக்கிறது. "எல்லாரும் சாப்பிட்ட பொறவு உள்ள போயி என்னமோ சாப்பிடுவா" என்றார் கடைசியில். "பானையைச் சொரண்டுத சத்தம் கேக்கும்."

பிரமசக்தி நினைத்து நினைத்துப் பார்த்தாள். அம்மா வாயில் எதையாவது போட்டு அவள் கண்ணால் கண்டது ஒன்றே ஒன்றுதான்: அகப்பையில் நாலு பருக்கையை எடுத்து, ஊதி, வாயில் போட்டு, வெந்துவிட்டதா என்று மென்று பார்ப்பாள். வேகவில்லையென்றால் மூடிவைத்துவிட்டு மறுபடி தீயைத் தள்ளுவாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இருபத்தொன்பது நாளும் நாற்பத்தொரு வீடும் அந்த வாயில் போட்டதெல்லாம் வேகாத அரிசி. வேகாத அரிசி வாயில் கிடந்தால் அம்மாவுக்கு அது சாப்பாடா? அது வேலையல்லவா?

மறுநாள் உச்சிப்பொழுதில் அவள் அடுப்படிக்குள் போனாள். அம்மாவின் பெரிய பானையைச் சூட்டோடு இறக்கி ஓரமாக வைத்தாள். முப்பது நாள் தீ காணாத அடுப்பில் சுள்ளியை ஒடித்து வைத்து, பழைய துணியை எண்ணெயில் நனைத்துச் செருகி, தீக்குச்சியைக் கிழித்தாள். மூன்று குச்சி அணைந்தது. நாலாவது பிடித்தது.

வெள்ளக்கல்லூத்தில் ஒரு கூரையிலிருந்து புகை எழும்பியதும் கோயில் மணி அடித்தது போல ஊரே ஓடி வந்தது. கொம்பம்மாள் தூக்கக் கலக்கத்தோடு முன்னால் வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவி மவளே, அணைடி! ஊருக்குள்ள பொணம் கெடக்கு. அந்தத் தீ இன்னொரு உசுரைக் கேக்கும்."

"கேக்கட்டும். நான்தானே மூட்டுனேன், என்னையக் கேக்கட்டும்."

"அதான் பானை நெறைய இருக்கேட்டி, இன்னும் எதுக்கு ஆக்குத?"

"அது உங்களுக்கு. இது யம்மாவுக்கு."

உள்ளே வந்து அவள் கையைப் பிடிக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. தீயைத் தொட்டால் தீ தங்களைக் கேட்டுவிடுமே. வாசலில் நெருக்கிக்கொண்டு நின்று பார்த்தார்கள், ஒரு பெண் சமைக்கத் தெரியாமல் சமைப்பதை. அவள் அரிசியை அளக்கவில்லை. தண்ணீர் குறைவாக வைத்துவிட்டுப் பிறகு பயந்துபோய் இரண்டு செம்பு ஊற்றினாள். உப்பை இரண்டு தடவை போட்டாள். "தீயைக் கொறைடி, தீயைக் கொறை" என்று கூட்டத்தில் ஒருத்தி பொறுக்க மாட்டாமல் முணுமுணுத்தாள். புகை பிரமசக்தியின் கண்ணில் அடித்தது. அம்மா அவளைக் காப்பாற்றிவைத்த புகை அது, இருபத்தேழு வருடத்துப் புகையும் ஒன்றாகச் சேர்ந்து வந்து அடித்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. சோறு மேலே நறுக்கரிசியாகவும் நடுவில் கூழாகவும் அடியில் கருகியும் இறங்கியது. சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய், அம்மாவின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கவளத்தைப் பிசைந்து, ஊதி, ஆற வைத்து, வாயில் வைத்தாள். புறங்கையால் அல்ல. நேர்க்கையால்.

தாடை ஒரு தடவை இடப்பக்கம் போனது. வலப்பக்கம் வந்தது. நின்றது.

முப்பது நாளில் முதல் தடவையாக ஆவுடைத்தாய் மெல்லுவதை நிறுத்தினாள். தெருவில் காற்றும் நின்றது. அரைபடுகிற அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போயிருந்த ஊருக்குக் காது அடைத்துக்கொண்டது. என்ன இது, இது வெந்திருக்கிறதே, இதை நான் என்ன செய்வது என்று யோசிக்கிறவள் போல அவள் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. பிறகு தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கினாள். உதடு கொஞ்சம் திறந்தது.

"மறு கவளம் கேக்கா" என்றாள் கொம்பம்மாள்.

பிரமசக்தி ஊட்டினாள். குழைந்ததை ஊட்டினாள், வேகாததை ஊட்டினாள், கருகியதைச் சுரண்டி ஊட்டினாள். உப்பு கரித்ததைப் பற்றி ஆவுடைத்தாய் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் கூட்டத்தில் நின்றவர்களின் வாயும் தானாகத் திறந்து மூடியது. அடுப்படியில் பெரிய பானையின் ஆவி மெல்ல மெல்ல அடங்கிற்று. சட்டி காலியானபோது ஆவுடைத்தாய் ஒரு ஏப்பம் விட்டாள், சின்ன ஏப்பம்தான், மாமியார் வீட்டில் விருந்துக்கு வந்தவள் விடுவது போல, பாதியில் அடக்கிக்கொண்ட ஏப்பம். உதடு சேர்ந்தது. உள்ளே மூன்று பல் இருந்தது.

வேலாண்டி பாடையின் மேல் படர்ந்த பீர்க்கங்கொடியை அரிவாளால் அறுத்து இறக்கினார். கொடியில் பிஞ்சு விட்டிருந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் ஆவுடைத்தாயைத் தூக்கிக்கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார்கள். பிரமசக்தி மூட்டிய தீ வேறு உயிர் எதையும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் மனிதர்கள்தான்.

குளித்துவிட்டு ஈரத் துணியோடு வந்த ஆண்கள், வழக்கமான நேரமாகிவிட்டதால், வழக்கமான இடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பெண்கள் எதிர்வரிசையில் உட்கார்ந்தார்கள். இலை விரிந்தது, இலையில் தண்ணீர் தெளித்தாயிற்று. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அடுப்பு மூட்டலாம் இப்போது, தடையொன்றும் இல்லை. ஆனால் கொம்பம்மாள் தன் சுத்தமான கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்ற வீட்டுப் பெண்களும் அப்படியே. நேரம் போயிற்று. அப்போது முதல் இலையில் இருந்த சங்கிலிபூதத்தான் பழக்க தோஷத்தில் உள்பக்கம் பார்த்து, "ஏட்டி, ஆவுடை..." என்று கூப்பிட்டார்.

கூப்பிட்ட பிறகு அவர் முகம் உடைந்தது. ஓவென்று அழுதார். அவர் அழ, வரிசை முழுவதும் அழுதது. முப்பது நாள் தாமதமாக அந்த வீட்டில் ஒப்பாரி எழுந்தது. அது அவளுக்காகவா, காலி இலைக்காகவா என்று அழுதவர்களுக்கே தெரியாது. அழுகை ஓய்ந்ததும் எல்லோரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு பிரமசக்தியைப் பார்த்தார்கள்.

"நீதான் இன்னிக்கு மூட்டுனியேம்மா" என்றார் சங்கிலிபூதத்தான், மிக மெதுவாக, மிகப் பிரியமாக. "இனிமே நீயே..."

பிரமசக்தி உள்ளே போய், அரிசிப் பெட்டியிலிருந்து சுளகு நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். முதல் இலையில் தொடங்கி, ஒவ்வொரு இலையிலும் குனிந்து ஒரு பிடி பச்சரிசியைப் போட்டாள். யாருக்கும் கூட்டியும் போடவில்லை, குறைத்தும் போடவில்லை. கடைசி இலைக்கும் போட்டுவிட்டுச் சுளகைச் சுவரில் மாட்டினாள். தன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

அவர்கள் இலையைப் பார்த்தார்கள். அரிசியைப் பார்த்தார்கள். கடைசியில் சங்கிலிபூதத்தான் நாலு விரலால் அள்ளி வாயில் போட்டு, மெல்ல ஆரம்பித்தார், தலையை அடுப்படிப் பக்கம் சாய்த்து, பானை மூடி ஆடுகிற சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு. அவரைப் பார்த்து அடுத்தவர். அவரைப் பார்த்து அடுத்தவர். கொம்பம்மாள் மட்டும் கடைசி வரைக்கும் யோசித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அவளும் ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டாள். நாற்பத்தொரு வீடும் வரிசையாக உட்கார்ந்து வேகாத அரிசியை மென்றது, யாருடைய வாயிலாவது வெந்துவிடாதா என்று. பஸ் நிறுத்தம் ஊரிலிருந்து ஒன்றரை மைல். பிரமசக்தி அங்கே போய்ச் சேருகிற வரைக்கும் அந்த நறநற சத்தம் அவள் பின்னாலேயே கேட்டுக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இவ்வளவுதான். வீட்டில் போய்ச் சாப்பிடும்போது யாரிடமாவது சொல்லிக்கொள்ளுங்கள், தடையில்லை. ஆனால் சொன்னது இன்னார் என்று மட்டும் என் பெயரை எடுத்துவிடாதீர்கள், உங்களுக்குக் கோடிப் புண்ணியம். எடுத்தீர்களென்றால், அந்த வரிசையில் மூன்றாவது இலையில் உட்கார்ந்திருந்தது யாரென்று கேட்பார்கள், எனக்கு முன்பல் இரண்டும் எப்போது உடைந்தது என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள்.